மூலிகைப் பொடி கேப்சூல்: எந்தத் தொந்தரவுக்கு எங்கே பார்க்க வேண்டும்

பொடியைக் கேப்சூலில் அடைத்து விழுங்குவதில் உள்ள சுகம் எனக்கும் தெரியும். கசப்பு இல்லை, தூள் தொண்டையில் ஏறி இருமல் வருவதில்லை, கரண்டியும் டம்ளரும் தேடி அலைய வேண்டாம். ஆனால் பொடியை நேரடியாகச் சாப்பிடும்போது அது ஒத்துவருகிறதா இல்லையா என்று நாக்கே முதலில் சொல்லிவிடும். கேப்சூலில் போனால் எல்லாம் மூடிய உறைக்குள் நடக்கிறது. அரை மணி நேரம் கழித்து வயிறு கடமுடா என்று சத்தம் போடும்போது குற்றம் மூலிகையுடையதா, உறையுடையதா, தண்ணீர் குறைவா, எடுத்த நேரம் தப்பா என்று ஒன்றும் புரிவதில்லை. புரியாததால் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: அப்படியே நிறுத்திவிடுகிறார்கள், இல்லை என்றால் "பத்தவில்லை போல" என்று இன்னும் இரண்டைச் சேர்த்து விழுங்குகிறார்கள்.

அந்த இரண்டுக்கும் முன்னால் இரண்டு சின்னச் சோதனைகள் இருக்கின்றன. கீழே வரும் எல்லாத் தொந்தரவுக்கும் இவைதான் ஆரம்பம், அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் டம்ளர் சோதனை

ஒரு டம்ளரில் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரி செல்சியஸ் வாக்கில், வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கேப்சூலைப் போட்டு, அவ்வப்போது லேசாகக் கலக்கிவிட்டுப் பாருங்கள். தண்ணீர் ஆறிப்போகாமல் இருக்க டம்ளரை இன்னொரு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைக்கலாம். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு "கரையவே இல்லை" என்று பதறக் கூடாது, ஏனென்றால் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறை 30 டிகிரிக்குக் கீழே ஊறி வீங்குமே தவிர ஒழுங்காகக் கரையாது. சூடு சரியாக இருந்தால் ஜெலட்டின் சில நிமிடங்களில் வாய் திறக்கும். எச்பிஎம்சி என்கிற தாவர உறை, சைவ கேப்சூல் என்று விற்பது, இன்னும் சில நிமிடம் தாமதிக்கும். சாதாரண கேப்சூல் அரை மணி நேரத்துக்குள் உடைந்து கலைய வேண்டும் என்பது மருந்துத் தரநூல்கள் பொதுவாக வைக்கும் அளவு.

உறை திறந்ததும் சோதனை முடிந்துவிடவில்லை. உள்ளே இருந்த பொடி என்ன ஆகிறது என்று பாருங்கள். தண்ணீரில் பரவிக் கலந்தால் சரி. கேப்சூல் வடிவத்திலேயே கட்டியாக நின்று, மேலே மட்டும் நனைந்து, விரலால் நசுக்கினால் நடுவில் காய்ந்த தூள் இருந்தால், உங்கள் வயிற்றுக்குள்ளும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது.

அப்புறம் உடைத்து எடுக்கும் சோதனை

மூன்று நாளைக்குக் கேப்சூலைத் திறந்து, பொடியை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கலக்கி, அதே அளவை அதே நேரத்தில் குடியுங்கள். தொந்தரவு அப்படியே இருந்தால் பிரச்சினை மூலிகையில் அல்லது அளவில். தொந்தரவு போய்விட்டால் உறையில், அல்லது அடைத்த விதத்தில். இவ்வளவு எளிமையான சோதனையை ஏன் யாரும் செய்வதில்லை என்றால், கசக்கும், அதனால்தான்.

காய்ந்த பொடியை நேராக வாயில் கொட்டிக்கொள்ளாதீர்கள், மூச்சுக்குழாயில் போனால் விபரீதம். மிளகாய் மாதிரி காரமான பொடியை இப்படிச் சோதிக்க வேண்டாம். குடலில்தான் திறக்க வேண்டும் என்று அமிலம் தாங்கும் உறை போட்டு விற்கும் கேப்சூலையும் உடைக்கக் கூடாது.

சரி, இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம்.

"தொண்டையில் நிற்கிறது, நெஞ்சுக்குள் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது"

இதை ஜீரணப் பிரச்சினை என்று நினைத்துச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். கேப்சூல் இன்னும் வயிற்றுக்கே போய்ச் சேரவில்லை, அப்புறம் எங்கே ஜீரணம்! ஜெலட்டினும் சரி, தாவர உறையும் சரி, ஈரம் பட்டவுடன் பசை மாதிரி ஆகும். வாய் காய்ந்திருந்தால் முதல் ஈரமே உணவுக்குழாயின் சுவரில்தான் கிடைக்கிறது, அங்கேயே பிடித்துக்கொள்கிறது. அங்கேயே திறந்தும்விட்டால் காரமான அல்லது துவர்ப்பான பொடி ஒரே இடத்தில் கொட்டிப் புண்ணாக்கும்.

முதலில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து வாயையும் தொண்டையையும் நனைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கேப்சூல், அதன் பிறகு ஒரு முழு டம்ளர், 200 முதல் 250 மில்லி. ஒரு வாய்த் தண்ணீரில் நான்கு கேப்சூலைத் தள்ளுகிற வீரம் வேண்டாம். சூடான பானத்தோடும் வேண்டாம், உறை வாயிலேயே இளகி ஒட்ட ஆரம்பித்துவிடும்.

விழுங்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் தப்பு செய்கிறோம். மாத்திரை என்றாலே தலையை அண்ணாந்து விழுங்கப் பழகியிருக்கிறோம். மாத்திரை தண்ணீரில் மூழ்கும், கேப்சூல் மிதக்கும். அண்ணாந்தால் மிதக்கிற கேப்சூல் பல் பக்கம் வந்துவிடுகிறது, தண்ணீர் மட்டும் தொண்டைக்குள் போகிறது. அதற்குப் பதிலாகக் கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்குங்கள். கேப்சூல் மிதந்து தொண்டைப் பக்கம் வந்து நிற்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் 151 பேரை வைத்துச் சோதித்து வெளியிட்ட ஆய்வில் இந்தக் குனிந்து விழுங்கும் முறையைக் கேப்சூலுக்குச் சோதித்ததில் 88.6 சதவீதத் தடவைகளில் விழுங்குவது எளிதானது. முதல் தடவை கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும், கண்ணாடி முன்னால் செய்யாதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் உறையின் அளவைக் குறையுங்கள். மூலிகைக் கேப்சூல்களில் பரவலாக இருப்பது 00 என்ற அளவு, ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் நீளம், உள்ளே 0.95 மில்லி இடம். 0 என்ற அளவில் 0.68 மில்லி, 1 என்ற அளவில் 0.50 மில்லி. எண் கூடக் கூட உறை சிறிதாகும். பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு எடுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. எடுத்த பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது நடங்கள், படுக்கையில் விழுந்துகொண்டே கடைசிக் காரியமாக விழுங்காதீர்கள்.

விழுங்கும்போது வலி, சாப்பாடே அடைப்பது, ஒட்டிய உணர்வு அடுத்த நாளும் போகாமல் இருப்பது, இதெல்லாம் கேப்சூலைச் சரிசெய்யும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

"ஏப்பம் வந்தால் பொடி வாடை, கூடவே நெஞ்செரிச்சல்"

கேப்சூல் மிதக்கும் என்றேன் அல்லவா, வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். சாப்பாடு முழுக்க முடித்துவிட்டு, நிறைந்த வயிற்றின் மேல் கேப்சூலைப் போட்டால் அது உச்சியில் மிதந்துகொண்டு அங்கேயே திறக்கும், வாடை நேராக மேலே வரும். சாப்பாட்டுக்கு நடுவில் எடுத்துப் பாருங்கள், பாதி சாப்பிட்டதும் கேப்சூல், அதற்கு மேல் மீதிச் சாப்பாடு. பூண்டு, வெந்தயம், சுக்கு மாதிரி வாடையுள்ள பொடிகளுக்கு இந்த ஒரு மாற்றமே பல பேருக்குப் போதும். போதவில்லை என்றால் அமிலம் தாங்கும் உறை வாங்கி நிரப்பலாம். அது வயிற்றைத் தாண்டிக் குடலில் திறக்கும்.

படுக்கும் பக்கத்தைப் பற்றி ஒரு சுவாரசியமான விஷயம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-ல் வயிற்றைக் கணினி மாதிரியாகக் கட்டி மாத்திரை எப்படிக் கரைகிறது என்று பார்த்தார்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சுமார் 10 நிமிடம், நிமிர்ந்திருந்தால் 23 நிமிடம், இடப்பக்கம் சாய்ந்தால் 100 நிமிடத்துக்கும் மேல். வயிற்றின் கீழ்வாய் வலப்பக்கம் இருப்பதால் மாத்திரை அங்கே போய்ச் சேர்வதுதான் காரணம். இதைப் படித்துவிட்டு உடனே விழுங்கி வலப்பக்கம் உருண்டு படுக்காதீர்கள். ஒன்று, அது கணினிக் கணக்கு. இரண்டாவது, நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு வலப்பக்கம் படுத்தால் அமிலம் மேலேறுவது கூடும், அவருக்கு நல்லது இடப்பக்கம். நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

"வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டுகிறது, பிசைகிறது"

அப்படியானால் வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள். சொல்வதற்கு இவ்வளவு எளிது, ஆனால் "வெறும் வயிற்றில் எடுத்தால்தான் முழுசாக உள்ளே போகும்" என்ற எண்ணம் எப்படியோ எல்லார் மண்டையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. துவர்ப்புக்குக் காரணமான டானின், நுரை வரவைக்கும் சபோனின், இரண்டுமே வயிற்றுச் சுவரை உறுத்தும். டம்ளரில் கலக்கிக் குடித்தால் அரை கிராம் பொடி நீர்த்துப்போய்ப் பரவுகிறது, கேப்சூலிலோ அந்த அரை கிராமும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. சாப்பாட்டோடு எடுத்தால், அல்லது ஒரு வேளை அளவை இரண்டு வேளையாகப் பிரித்தால், பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிறைய உள்ளே போவதே நல்லது என்பதும் எப்போதும் சரியில்லை. பச்சைத் தேயிலைச் சாரக் கேப்சூல் இதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் வெறும் வயிற்றில் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணை உணவாக எடுத்தவர்களிடம் ஈரல் நொதிகள் கூடியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சுட்டிக்காட்டியது. இந்த மாதிரி அடர்ந்த சாரங்களைச் சாப்பாட்டோடு எடுத்து உறிஞ்சுதலைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

"உப்புசம், வாயு, வயிறு கல் மாதிரி"

இங்கே முதல் கேள்வி: எந்தப் பகுதியின் பொடி? இலையா, பட்டையா, கிழங்கா? கிழங்கும் வேரும் என்றால் சந்தேகம் மாவுச்சத்தின் மேல். வேகவைக்காத மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. பூண்டு, சிக்கரி, தண்ணீர்விட்டான் கிழங்கு போன்றவற்றில் ஃபிரக்டான் வகைச் சர்க்கரைகளும் உண்டு. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது, யாருக்குமே. சிலருடைய குடல் அந்த வாயுவைச் சகித்துக்கொள்கிறது, சிலருடையது கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நான் நம்புவது மெதுவாக ஏற்றுவதை. முதல் நான்கு நாள் ஒரு கேப்சூல், அடுத்த நான்கு நாள் இரண்டு, இப்படி. குடல் பாக்டீரியாக்கள் பழகிக்கொள்ள நேரம் வேண்டும். முதல் நாளே ஆறு கேப்சூலில் ஆரம்பித்துவிட்டு மூலிகையைத் திட்டுவது நியாயமில்லை. ஏற்றியும் அடங்கவில்லை என்றால் முழுப் பொடியை விட்டு அதன் சாரத்துக்கு மாறுங்கள், நார்ச்சத்தும் மாவுச்சத்தும் அதில் பெரும்பாலும் கழிந்திருக்கும். இன்னொன்று, கடையில் வாங்கியது என்றால் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். நிரப்புப் பொருளாக லாக்டோஸ் போட்டிருப்பார்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர் மூலிகையைப் பழித்துக்கொண்டிருப்பார்.

"வயிற்றோட்டம்" அல்லது நேர் எதிராக "மலச்சிக்கல்"

வயிற்றோட்டம் என்றால் கலவைப் பட்டியலில் நிலவாகையோ கற்றாழைப் பாலோ இருக்கிறதா என்று பாருங்கள், "சுத்திகரிப்பு" என்று பெயர் போட்ட கேப்சூல்களில் அடிக்கடி இருக்கும். நிலவாகை 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை காட்டும், ஆக ராத்திரி எடுத்து விடிகாலையில் ஓடினால் சந்தேகமே வேண்டாம். அதைத் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. திரிபலாவில் அளவைக் குறைத்தால் போதும். மலச்சிக்கல் என்றால் துவர்ப்பு மிகுந்த பட்டைப் பொடி, அல்லது இசப்கோல் மாதிரி ஊறிப் பெருகும் பொருளைத் தண்ணீர் போதாமல் எடுத்தது. இசப்கோல் வகைக் கேப்சூலுக்கு முழு டம்ளர் தண்ணீர் கட்டாயம், இல்லாவிட்டால் தொண்டையிலேயே வீங்கி அடைக்கும் ஆபத்து உண்டு.

"கேப்சூல் அப்படியே வெளியே வருகிறது" அல்லது டம்ளர் சோதனையில் அரை மணி நேரமாகியும் உடையவில்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஜெலட்டின் ஒரு புரதம். டானினும், சில மூலிகைகளில் இருக்கும் ஆல்டிஹைடுகளும் அந்தப் புரதச் சரங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். தோலைப் பதனிட டானின் பயன்படுகிறது, அதே வேலையை உங்கள் கேப்சூல் உறைக்கும் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகம் கூடும். நிரப்பிய புதிதில் சில நிமிடத்தில் உடைந்த கேப்சூல் பல மாதம் கழித்து மெல்லிய ஜவ்வு மாதிரி பொடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடாது. கடுக்காய், பட்டை வகைகள் போன்ற துவர்ப்பான பொடியை ஜெலட்டினில் அடைத்து நீண்ட நாள் வைக்காதீர்கள். எச்பிஎம்சி உறையில் புரதமே இல்லை, இந்த முடிச்சுப் பிரச்சினையும் இல்லை. சைவமா அசைவமா என்பதைத் தாண்டி, மூலிகைப் பொடிக்குத் தாவர உறையை நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இன்னொரு லாபமும் உண்டு: ஜெலட்டின் உறையிலேயே 13 முதல் 16 சதவீதம் ஈரம் இருக்கும், எச்பிஎம்சியில் அது 10 சதவீதத்துக்கும் கீழே. ஈரத்தை இழுக்கும் பொடிக்கு எது நல்லது என்று சொல்லவே தேவையில்லை.

உறை திறந்து பொடி மட்டும் கட்டியாக நின்றால் குற்றம் அடைத்த கையில். வீட்டில் நிரப்பும் பலகை வாங்கிய புதிதில் நானும் ஒரு கேப்சூலில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று குத்திக் குத்தி அடைத்தேன். எண்ணிக்கை மிச்சமானதில் அப்படி ஒரு பெருமை. டம்ளரில் போட்டுப் பார்த்தபோது உறை கரைந்து போய், உள்ளே பென்சில் துண்டு மாதிரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதிகமாக அழுத்தினால் பொடிக்குள் தண்ணீர் புகுவதற்குச் சந்து இருக்காது. கொழகொழப்புத் தன்மையுள்ள வெந்தயம் மாதிரிப் பொடிகளில் இன்னும் மோசம், வெளிப்பக்கம் நனைந்து கூழாகி, உள்ளே தண்ணீர் போகாமல் மூடிவிடும். தளர்வாக நிரப்புங்கள், லேசாகத் தட்டினால் போதும். கொழகொழப்பான பொடியோடு கொஞ்சம் அரிசி மாவோ சுக்குப் பொடியோ கலந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீருக்கு வழி கிடைக்கும். இயந்திரத்தில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் தண்ணீரை ஒட்டவிடாத பொருள், கைப்பலகையில் நிரப்புபவருக்கு அது தேவையே இல்லை.

உறை நொறுங்குகிறது என்றால் காற்று மிகவும் வறண்டுவிட்டது, பிசுபிசுக்கிறது என்றால் ஈரம் கூடிவிட்டது. குளியலறை அலமாரியும் அடுப்புப் பக்கமும் கேப்சூல் வைக்கும் இடங்கள் இல்லை.

"எல்லாம் ஒழுங்காக எடுக்கிறேன், ஒரு பலனும் இல்லை"

வரும் கேள்விகளில் பாதி இதுதான், பதிலில் பாதி வெறும் கணக்கு.

ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. 00 அளவு கேப்சூலில் 0.95 மில்லி. ஆக ஒரு டீஸ்பூன் பொடிக்குச் சமம் ஐந்து கேப்சூலுக்கும் கொஞ்சம் மேலே, தட்டி அடைத்தால் நான்கு. "ஒரு டீஸ்பூன் காலை மாலை" என்று சொன்ன மூலிகையைக் கேப்சூலில் காலை ஒன்று மாலை ஒன்று எடுத்தால் நீங்கள் எடுப்பது கால் பங்கோ அதற்கும் குறைவோதான். பலன் இல்லை என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஒரு கேப்சூலில் உண்மையில் எத்தனை மில்லிகிராம் போகிறது என்று பத்துக் கேப்சூலை எடை போட்டு, பத்துக் காலி உறையின் எடையைக் கழித்து, பத்தால் வகுத்துப் பாருங்கள். இலைப் பொடி லேசானது, பட்டைப் பொடி கனமானது, ஒரே உறையில் எடை நிறைய மாறும்.

மஞ்சளில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. மஞ்சளில் வேலை செய்யும் முக்கியப் பொருளான குர்குமின், பொடியில் சுமார் 3 சதவீதம். 500 மில்லிகிராம் கேப்சூலில் 15 மில்லிகிராம். எல்லாரும் மேற்கோள் காட்டுகிற 1998-ம் வருட ஆய்வில் கொடுத்தது 2 கிராம் குர்குமின், கூடவே மிளகின் காரப் பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம். உடலுக்குக் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது என்று வந்தது அதில்தான். அந்த 2 கிராமைச் சாதாரண மஞ்சள் பொடிக் கேப்சூலில் எடுக்க வேண்டும் என்றால் 130-க்கும் மேல் விழுங்க வேண்டும். அதனால் மஞ்சள் பொடியோடு ஒரு சிட்டிகை மிளகு சேர்த்துவிட்டு அந்த ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது சரியில்லை. சாரமாக வாங்கினால் எத்தனை மில்லிகிராம் என்பதோடு எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். 10:1 சாரம் என்று போட்டிருந்தால் பத்துப் பங்கு மூலிகையிலிருந்து ஒரு பங்கு எடுத்தது என்று பொருள், ஆனால் அதில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது.

கணக்கு சரி என்றால் அடுத்து எதில் கரையும் என்று பாருங்கள். குர்குமின் மாதிரி கொழுப்பில் கரைபவற்றை எண்ணெயோ நெய்யோ பாலோ உள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் தண்ணீரோடு எடுத்தால் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். அனுபானம் என்று மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுப்பதில் இந்த விஷயமும் அடங்கியிருக்கிறது. கேப்சூலுக்கு வந்தவுடன் நாம் முதலில் கைவிட்டது அதைத்தான். காளான் பொடி வேறு ரகம், அதன் செல் சுவர் கைட்டினால் ஆனது, நம்மால் சரியாகச் செரிக்க முடியாது, வெந்நீரில் எடுத்த சாரமாக இருந்தால்தான் உள்ளிருக்கும் பாலிசாக்கரைடு என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே வரும்.

கசப்பு மூலிகையைப் பசி எடுக்க வேண்டும் என்று கேப்சூலில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கசப்பு நாக்கில் பட்டவுடன் உமிழ்நீரும் இரைப்பை நீரும் சுரக்கத் தொடங்குவதுதான் அதன் வேலையில் பெரிய பங்கு. உறைக்குள் ஒளித்து அனுப்பினால் நாக்குக்கு எப்படித் தெரியும்? இதற்குக் கேப்சூலே வேண்டாம், கொஞ்சம் கசந்துவிட்டுப் போகட்டும்.

பூண்டுக்கும் தனிக் கதை. அதன் வாடைக்கும் வேலைக்கும் காரணமான அல்லிசின் பொடியில் தயாராக இருப்பதில்லை, அல்லீனேஸ் என்ற நொதி ஈரம் பட்டதும் உண்டாக்குகிறது, அந்த நொதியை வயிற்று அமிலம் முடக்கிவிடும். பூண்டு மாத்திரைகளுக்கு அமிலம் தாங்கும் பூச்சு போடுவதன் பின்னணி இதுதான்.

பொடியின் நயமும் முக்கியம். கரகரப்பான பொடியில் செல்கள் முழுதாகவே இருக்கும், உள்ளே உள்ளது வெளியே வர நேரம் பிடிக்கும். 80 மெஷ் சல்லடையில், அதாவது ஏறக்குறைய 180 மைக்ரான் துளையில், சலித்தது நல்ல நயம். வஸ்திரகாயம் என்பார்களே, துணியில் சலிப்பது, அது இன்னும் மேல். நயம் கூடக் கூட வாசனை எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் அரைத்ததை மாதக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள். கேப்சூலைத் திறந்து முகர்ந்து பாருங்கள், மணக்க வேண்டிய மூலிகை மரத்தூள் மாதிரி இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

"எதிர்பார்த்ததைவிட அதிகமாக வேலை செய்கிறது", அல்லது வேறு மருந்தும் எடுக்கிறீர்கள்

உறிஞ்சுதலைக் கூட்டும் தந்திரங்கள் மூலிகையோடு நின்றுவிடுவதில்லை. பைப்பரின் ஈரலிலும் குடலிலும் பொருட்களை உடைக்கும் நொதிகளைத் தடுக்கிறது, அந்த நொதிகள்தான் உங்கள் மருந்துகளையும் உடைக்கின்றன. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இதயத்துக்கான புரொப்ரனலால் இரண்டின் ரத்த அளவும் பைப்பரினால் கூடுவது மனிதர்களிடமே பார்க்கப்பட்டிருக்கிறது. மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேலைநாட்டு மூலிகை இதற்கு நேர் எதிர், நொதிகளை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்றவற்றின் வேலையைக் குறைத்துவிடும். சிறுகுறிஞ்சான் சர்க்கரை மருந்தோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கலாம். அதிமதுரம் நாள்பட எடுத்தால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். அமுக்கரா தூக்கம் வரவைக்கும், தைராய்டு மருந்து எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

நேர இடைவெளியால் சரியாகிற மோதல்களும் உண்டு. டானின் உள்ள பொடி இரும்புச்சத்தை உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரமாவது விடுங்கள். இசப்கோல் மாதிரி நார்ப் பொருளுக்கும் தைராய்டு மருந்தான தைராக்ஸின் மாத்திரைக்கும் நடுவில் 4 மணி நேரம். நொதி சம்பந்தப்பட்ட மோதலுக்கு இந்த இடைவெளி உதவாது, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று எடுத்தாலும் மோதும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப்போவது, காரணம் தெரியாத அரிப்பு, கறுத்த மலம், இவற்றில் ஒன்று வந்தாலும் சோதனை எதுவும் செய்துகொண்டிருக்காமல் கேப்சூலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், போகும்போது டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் என்னென்ன எடுக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

உறை, அளவு, நேரம், கூட எடுக்கும் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றி நான்கைந்து நாள் பாருங்கள், தேதி போட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். நான்கு மூலிகை கலந்த கேப்சூலில் தொந்தரவு என்றால் நான்கையும் தனித்தனியாக வாங்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, அதனால்தான் கலவைக் கேப்சூலில் யாரும் ஆரம்பிக்க வேண்டாம் என்கிறேன். முதலில் ஒற்றை மூலிகை, தாவர உறை, 0 அளவு, தளர்வாக நிரப்பியது, சாப்பாட்டுக்கு நடுவில் ஒன்று, ஒரு முழு டம்ளர் தண்ணீர். ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் அப்புறம் எண்ணிக்கையைக் கூட்டலாம்.